நடு ஆற்றில் மூச்சு வாங்கக் கூடாது

ஆற்றுக்கு அந்தக் கரையில் பேறு பார்க்கிற ஒருத்தி இருந்தாள், இந்தக் கரையில் ஒருத்திக்கு வலி எடுத்தது. கதை இவ்வளவுதான், மீதியெல்லாம் நடுவில் ஓடுகிற தண்ணீர். வெள்ளம் இரண்டு கரையையும் தின்றுகொண்டு போனதால் ஓடக்காரன் துடுப்பை மரத்தில் சாத்திவிட்டுப் போய்விட்டான் என்றும், அவள் கொப்பூழ்க்கொடி அறுக்கிற கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள் என்றும், நீச்சல் தெரியாததால் ஆற்றின் அடி மணலில் கால் பாவி நடந்தே வந்தாள் என்றும், அந்தக் கரையில் இழுத்த மூச்சை இந்தக் கரையில்தான் விட்டாள் என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். அவள் பேரை யாரும் கேட்டு வைக்கவில்லை. கரையேறி வந்ததால் கரையேறி அம்மன் ஆனாள், ஊரும் கரையேறிப்பட்டி ஆனது.

சித்திரையில் அம்மனுக்கு நடக்கிற கொடைத் திருவிழாவில், வெயில் உச்சியில் நிற்கும்போது, இந்த ஆறு கடக்கிற கட்டத்தை வில்லுப்பாட்டில் பாட வேண்டும். அதற்கு முங்குபாட்டு என்று பேர். வீசுகோலால் வில்லைத் தட்டித் தலைப்பாட்டுப் பாடுகிறவரை நாங்கள் அண்ணாவி என்போம். அண்ணாவி முங்குபாட்டை ஒரே மூச்சில் பாடி முடிக்க வேண்டும். பாட்டுக்குள் அம்மன் தண்ணீருக்கடியில் இருக்கிறாள் அல்லவா, பாடுகிறவர் நடுவில் மூச்சு வாங்கினால் அவளும் வாங்குவாள். வாங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடக் கேட்காது.

உலகம்மாள்தான் எங்கள் அண்ணாவி. பெண்பிள்ளை வில்லின் முன்னால் உட்காரலாமா என்று அவள் முதன்முதல் உட்கார்ந்த வருடம் கேட்டவர்கள் உண்டு. முங்குபாட்டு முடிந்தபோது அவர்கள் கேள்வியை மறந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவளுக்குப் பாட்டு என்றால் ராகமோ வார்த்தையோ இல்லை, முதலில் மூச்சுதான். வெறுந்தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் அம்மிக்குழவியை வைத்துக்கொண்டு பாடுவாள். குழவி ஏறி இறங்க வேண்டும், நெஞ்சு அசையக் கூடாது. எரிகிற விளக்குக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு பாடுவாள். குரல் தெருமுனை வரைக்கும் போக வேண்டும், சுடர் தலையாட்டக் கூடாது. மூச்சு நெஞ்சில் இருக்கிற சாமான் இல்லை என்பாள். அது இடுப்பெலும்புக்குள் சுருண்டு படுத்திருக்கிற நாய், அதட்டினால் எழுந்து ஓடும், கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு கூடவே வரும், கரை வரைக்கும் வரும்.

அந்த உலகம்மாளுக்கு நுரையீரலில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இடது பக்கத்தை எடுத்துவிட்டு, பேசலாம், சிரிக்கலாம், நடக்கலாம், பாட மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், வில்லுக்குக் குடம் அடிக்கிறவர், ஜன்னலைச் சாத்திக் காற்று படாமல் அவளை உட்கார வைத்திருந்தார்.

"சிரிக்கலாம்ங்காரு, பாடக் கூடாதுங்காரு" என்றாள் உலகம்மாள். "பாடாம நான் எதுக்குச் சிரிக்கப் போறேன்?"

"பேசாம வாட்டி. மொதல்ல உசிரு."

"அதத்தான நானும் சொல்லுதேன்."

கொடைக் கமிட்டித் தலைவர் பலவேசம் மனசில்லாமல்தான் வேறு அண்ணாவி தேடிப் போனார். சுற்றுப்பட்டில் பேர் பெற்ற ஒருவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னபோது, அவர் முழுதும் கேட்டுவிட்டு, "ரெண்டு மூச்சாப் பாடுனா ஆவாதா?" என்றாராம். பலவேசம் வெற்றிலைத் தட்டைக்கூட எடுக்காமல் திரும்பி வந்துவிட்டார். "அம்மனப் பாதி ஆத்துல நிறுத்தி, இருந்து வெத்தல போட்டுட்டுப் போங்கம்பாம் போல" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். உலகம்மாள் பாடாவிட்டால் அந்த வருடம் அம்மன் அக்கரையிலேயே நிற்பாள் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. ஒருவரும் அவளிடம் போய்ப் பாடச் சொல்லவில்லை. ஒருவரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவளாகத்தான் தொடங்கினாள். மாசி மாதத்து வெள்ளெனக் காலையில், கிணற்றடியில், ஆவுடையப்பன் பால் வாங்கப் போன சமயம் பார்த்து, மீதியிருக்கிற ஒரு பக்கத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஆழம் என்று பார்க்கலாமே என்றுதான் வாயைத் திறந்தாள்.

காலெடுத்து வைக்கையிலே கரைமணலு கரையுதம்மா
இடுப்பளவு தண்ணியிலே எருக்கம்பூ மிதக்குதம்மா
கழுத்தளவு தண்ணியிலே கண்டமணி நனையுதம்மா
தலைக்குமேல தண்ணி போக தாயி மூச்ச அடக்கினாளே

இடுப்பளவில் நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள். நிற்கவில்லை. கழுத்தளவு போயிற்று, தலைக்குமேல் போயிற்று, அயிரை மீன் வந்து விலகிப் போயிற்று, ஆரல் வந்து வழி காட்டிற்று, நடு ஆறு வந்தபோதும் குரல் நூல் பிசகாமல் நின்றது. அதே நேரத்தில் டீ மாஸ்டர் தூக்கி ஆற்றிய டீ கிளாசில் விழுந்த பிறகும் அவர் கை இறங்கவில்லை. பள்ளிக்கூடத்து மாடியில் சீக்கிரம் வந்திருந்த பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு பதினாறில் நின்றது. சவரக்காரர் ஒரு கன்னத்தின்மேல் இருந்த கத்தியை மெதுவாக, மிக மெதுவாக, எடுத்துக்கொண்டார். ஆற்று மணலில் கபடி பழகிக்கொண்டிருந்த இளவட்டங்களில் பாடிப் போனவனுக்குப் பாட்டு அறுந்து, பிடிக்க வந்தவனுக்கும் பிடிக்கத் தெம்பில்லாமல், இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெஞ்சுகள் காலியாக இருந்தன. வலி இல்லை, பயம்கூட இல்லை, வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு எதிர்வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்கள். உலகம்மாள் பதறிப் பாட்டை நிறுத்தியதும் மூச்சு அவரவரிடம் திரும்பி வந்தது.

சவரக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். "நம்ம மூச்செல்லாம் உலகக்கா வீட்டுக்குப் போயிருந்துருக்கு."

"அப்படியா" என்றார் டீ மாஸ்டர். "திரும்பி வந்துருதுல்லா?"

"வந்துருது."

"பெறகென்ன? சீனி தூக்கலா, மட்டா?"

ஊர் அதை இப்படித்தான் எடுத்துக்கொண்டது. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது மாதிரி, கல்யாண வீட்டுக்கு அண்டா கொடுப்பது மாதிரி, இதற்கும் ஒரு முறை வேண்டும் என்று மட்டும் யோசித்தார்கள். அவள் பாடிப் பழகுவதற்கு முன்னால் கோயில் மணியை அடிப்பது என்று வைத்தார்கள். மணி கேட்டதும் தென்னையில் இருந்தவர்கள் இறங்கினார்கள், பஸ் டிரைவர் வளைவுக்கு முன்னாலேயே ஓரம் கட்டினார், தலையில் குடம் வைத்திருந்தவர்கள் இறக்கி வைத்தார்கள். பிள்ளையுண்டாகியிருந்தவர்களும் காய்ச்சல்காரர்களும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள், தொட்டில் பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் உள்ளங்கையால் காதைப் பொத்தினார்கள். கேட்டால்தான் மூச்சு போகிறது, காதில் விழுவதால் மட்டும் போவதில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சண்டை போட்டுக்கொண்டிருக்கிற புருஷன் பெண்டாட்டிக்கு மூச்சு போகவே இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்து வருடாவருடம் தலையாட்டிக்கொண்டிருந்த பெரிய மனிதர் ஒருவர் மணி அடித்தபிறகும் சளசளவென்று பேசிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, இத்தனை காலமும் அவர் பாட்டுக் கேட்கவே இல்லை என்று ஊர் தெரிந்துகொண்டது.

உலகம்மாளுக்கும் இது புதுப் பாடமாக இருந்தது. உள்ளே வருகிற ஒவ்வொரு மூச்சுக்கும் வாசனை இருந்தது, எடை இருந்தது. டீ மாஸ்டரின் மூச்சு இஞ்சி காரத்தோடு மேல்ஸ்தாயிக்கு ஏறும். வாத்தியாரின் மூச்சு சாக்பீஸ் தூளோடு வறண்டு வந்து எழுத்தைச் சுத்தமாக உச்சரிக்கும். ஆட்டுக்கறிக் கடைக்காரரின் மூச்சு கனத்தது, அதைக் கீழ்க்குரலுக்கு வைத்துக்கொள்வாள். ஒருநாள் பழகி முடித்ததும் வாசலில் வந்து நின்று, "யாருய்யா அது, நேத்து ஆத்துல ஒரே பீடி நாத்தம், அம்மனுக்குக் கண்ணெரியாது?" என்றாள். மறுநாள் முதல் பீடிக்காரர்கள் மணிச்சத்தம் கேட்டதும் வாய் கொப்புளித்துவிட்டு உட்கார்ந்தார்கள். "விரால் மீனு குறுக்க வந்துதே, அது நம்ம மூச்சாக்கும்" என்று ஒருவர் சொன்னால், "போவே, விரால் என்னுது, உம்முது அந்தப் பாசி" என்று இன்னொருவர் சொல்வார். கபடி இளவட்டங்கள் மட்டும் எங்கள் மூச்சு ஆட்டத்துக்கு வேண்டும் என்று பிடிவாதமாகப் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்.

ஊரிலேயே பாட்டை எழுத்து எழுத்தாகக் கேட்கிறவர் வெயிலுமுத்து அண்ணாச்சி. பலசரக்குக் கடை வைத்திருந்தார். பிறந்ததிலிருந்து இழுப்பு, பருப்பு நிறுக்கும்போதே நெஞ்சுக்குள் விசில் ஊதும். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு கொடைக்குக் கொடை வில்லுக்கு முன்னால் முதல் ஆளாக உட்காருவார்; கொடை முடிந்த மறுநாள் காலையில் உலகம்மாள் வீட்டு வாசலில் நிற்பார். "கண்டமணி நனைஞ்சுதம்மான்னு பாடிட்டிய. அது நனையுதம்மா. நனைஞ்சுதுன்னா அம்மன் கரையேறிட்டான்னுல்லா அர்த்தம்?" என்பார். உலகம்மாள் அந்த ஒரு சொல்லுக்காக வருடம் முழுக்க அவரை வாழ்த்துவாள்.

அவர் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. பங்குனியில் ஒருநாள் உலகம்மாள் நடு ஆற்றில் இருந்தபோது, மெலிந்த விசிலோடு ஒரு மூச்சு வந்தது, பெருங்காய வாசனையும் வெல்ல வாசனையும் அடித்தது, அதற்குப் பின்னால் எதுவுமே இல்லை. பாட்டை அறுத்துவிட்டு ஓடிவந்து பார்த்தால், அண்ணாச்சி கடைப் பலகையில் சரிந்து கிடந்தார், உதடு நாவல்பழம் மாதிரி இருந்தது. முதுகைத் தேய்த்து, சுடுதண்ணீர் கொடுத்து, மருந்தை வாயில் அடித்து, உயிர் வந்து சேர்வதற்குள் உலகம்மாள் தெருவில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"போதும். இனி நான் வில்லத் தொட மாட்டேன்" என்றாள்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் மணி அடிக்கவில்லை. அவரவர் மூச்சு அவரவரிடமே இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெருவில் பெருமூச்சுச் சத்தம் அதிகமாயிற்று. டீ மாஸ்டர் கிளாசைத் துடைத்துத் துடைத்து வைத்தார். கொடைக்குக் கால் நாட்டுகிற நாள் வந்தது. பந்தல் கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டதும் உலகம்மாள் அம்மிக்குழவியைத் தூக்கி வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். அவளுக்கு ஒன்று தோன்றியிருந்தது. இதுவரை வந்த மூச்சையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தாள். இனி அள்ளக் கூடாது, கிள்ள வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம், அதுவும் எல்லோரிடமும் ஒரே சமயத்தில் இல்லை, பூ கட்டுகிறவள் ஒவ்வொரு பூவாக எடுத்து வைப்பது மாதிரி. அப்படி எடுத்துக்கொண்டு போகும்போது விசிலோடு வருகிற ஒரு மூச்சை மட்டும், அரிசியில் கல்லை ஒதுக்குவது மாதிரி, நோகாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

ஒதுக்கினாள். மணி மறுபடி அடித்தது. யாருக்கும் நெஞ்சு முழுதாகக் காலியாகவில்லை, ஒரு மிடறு குறைந்தது, அவ்வளவுதான். ஊர் சந்தோஷப்பட்டது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கடையில் உளுந்து வாங்க நின்ற எல்லோரும் ஒரு நொடி அசையாமல் நிற்க, தான் மட்டும் பொட்டலம் கட்டிக்கொண்டே இருப்பதை வெயிலுமுத்து அண்ணாச்சி கவனித்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு உலகம்மாள் வீட்டுக்கு நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், அதுவே அவருக்கு அவமானமாக இருந்தது.

"உலகம்மா, எம் மூச்சு ஊசிப் போச்சோ?"

"அண்ணாச்சி, மொதல்ல உக்காருங்க."

"உக்கார வரல. பீடி குடிக்கிறவன் மூச்செல்லாம் ஆத்துல போவுது. எள்ளுக்கும் கடுகுக்கும் வித்தியாசம் தெரியாதவன் மூச்செல்லாம் அம்மன் கூடப் போவுது. அந்தப் பாட்ட ஒரு எழுத்து விடாமக் கேட்டவன் நான். நான் மட்டும் கரையில நின்னு வேடிக்க பாக்கணுமோ?"

"செத்துப் போவிய அண்ணாச்சி."

"போனாப் போறேன். பாட்டுக்குள்ளதான போறேன்."

உலகம்மாள் எழுந்து நின்றாள். "எம் பாட்டுக்குள்ள ஒருத்தரும் சாவப்படாது. அது பேறு பாக்க வந்தவ பாட்டு."

அண்ணாச்சி வாசலில் இறங்கினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு, "அப்பம் நானும் பஞ்சு வச்சுக்கிடவா?" என்று சின்னக் குரலில் கேட்டார்.

"வைக்காதிய. நீங்க கேக்கணும். தப்புப் போனா எனக்கு யாரு சொல்லுவா?"

கொடை வந்தது. வருடாவருடம் கொடையை ஒட்டி ஆற்று மணலில் கபடிப் போட்டி நடக்கும். அந்த வருடம் கடைசி ஆட்டம் உச்சிக்கொடை நேரத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. எங்கள் இளவட்டங்களோடு மோத மேற்கே இருந்து ஒரு டீம் வந்திருந்தது, அவர்களோடு லாரி லாரியாக ஆட்கள், பொம்பளைகள், ஐஸ் வண்டி, பலூன்காரர் எல்லாம் வந்திருந்தார்கள். குழாய் ஒலிபெருக்கிகள் கோயில் வாசலிலிருந்து மணல்வெளி முடியும் மட்டும் கட்டியிருந்தது. எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தோம், ஒன்றைத் தவிர. எங்களுக்கு அந்த விஷயம் மழை வெயில் மாதிரி ஆகிவிட்டதால், வெளியூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாப்பாடு எங்கே, செருப்பை எங்கே விட வேண்டும் என்றெல்லாம் மைக்கில் சொன்னோம். எங்கள் ஊரில் பாட்டுக் கேட்டால் மூச்சு போகும் என்று சொல்லவில்லை.

உச்சி வெயிலில் உலகம்மாள் வில்லின் முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. ஆவுடையப்பன் குடத்தின் வாயில் அடிக்கிற பத்தையை ஓங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தார். அவள் ஒரு மூச்சு இழுத்தாள், இருக்கிற ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற அளவுக்கு, அளவாக. காலெடுத்து வைத்தாள்.

இடுப்பளவு. கழுத்தளவு. தலைக்குமேல். ஊர் மூச்சு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது, இஞ்சி வந்தது, சாக்பீஸ் வந்தது, கறிக்கடை வந்தது, வாய் கொப்புளித்த பீடி வந்தது. அத்தனைக்கும் பின்னால், வாசனையே தெரியாத அயல் மூச்சுகள், கிள்ளி எடுக்க இடம் கொடுக்காமல், கூட்டம் கூட்டமாக வந்து முட்டின. எப்படிக் கேட்காமல் இருப்பார்கள், அப்படிப்பட்ட குரலை அவர்கள் முன்னே பின்னே கேட்டதில்லை. நடு ஆற்றில் அம்மன் கால் வைத்தபோது மணல்வெளியில் ஒரு அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஐஸ் வண்டிக்காரர் மணியடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவர், மூச்சு மிச்சமிருந்த யாரோ, "காத்துல என்னமோ கலந்துருக்கு, ஓடுங்க" என்று கத்தினார்.

அவ்வளவுதான். ஓடினார்கள், விழுந்தார்கள், பிள்ளைகளைத் தேடினார்கள். எங்கள் ஆட்கள் பதறிப்போய், "ஒண்ணுமில்ல, பாட்டுதான், திரும்பி வந்துரும்" என்று கையைப் பிடித்து இழுக்க, பிடித்த கையை உதறிக்கொண்டு இன்னும் ஓடினார்கள். பயந்தவர்கள் பாட்டைக் கேட்கவில்லை. பயந்தவர்களைத் தேற்றப் போனவர்களும் கேட்கவில்லை. உலகம்மாளுக்கு இஞ்சி நின்றது. சாக்பீஸ் நின்றது. ஒவ்வொரு விளக்காக அணைகிற தெரு மாதிரி உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. அம்மன் நடு ஆற்றில், பல்லில் கத்தியோடு, மேலே வெள்ளமும் கீழே மணலுமாக நின்றாள். பாடுகிறவளிடம் ஒரு நெஞ்சின் ஒரு பக்கத்து மூச்சு மட்டும் இருந்தது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. இன்னும் ஒரு வரி. கூடினால் இரண்டு.

வில்லுக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த வெயிலுமுத்து அண்ணாச்சி அந்த நரம்பைப் பார்த்தார்.

வில்லுப்பாட்டு என்றால் வரிக்கு வரி கூட இருப்பவர்கள் ஆமா போடுவார்கள். முங்குபாட்டுக்கு மட்டும் போடுவதில்லை, தண்ணீருக்கடியில் போகிறவளுக்கு யார் ஆமா சொல்வது. காலகாலமாக அந்தக் கட்டத்தில் ஊரே வாயைப் பூட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கும். அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"ஆமா" என்றார்.

அவருடைய மூச்சு, விசிலோடு, பெருங்காய வாசனையோடு, வெளியே போயிற்று. பிடுங்கப்பட்டுப் போகவில்லை, அவர் விட்டுப் போயிற்று. விட்ட இடத்தில் புது மூச்சு தானாக வந்து உட்கார்ந்தது. இழுப்புக்காரர்களுக்கு மட்டும் இது நன்றாகத் தெரியும்: கஷ்டம் மூச்சை இழுப்பதில் இல்லை, விடுவதில்தான் இருக்கிறது, முழுதாக விட்டுவிட்டால், வருவது தானே வந்துவிடும். நாங்கள் இத்தனை நாளும் பிடித்து வைத்துக்கொண்டல்லவா கேட்டிருந்தோம், பிடித்து வைத்திருந்ததால் அல்லவா காலியானோம். உலகம்மாள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். ஒதுக்காமல் அந்த மூச்சை வாங்கிக்கொண்டாள், பாட்டில் மெலிதாக ஒரு விசில் கலந்தது, அடுத்த வரியைப் பாடினாள்.

"ஆமா" என்றார் அண்ணாச்சி மறுபடி, இந்தத் தடவை சத்தமாக.

"ஆமா" என்றார் ஆவுடையப்பன், குடத்தை ஓங்கி அடித்து. "ஆமா" என்றார்கள் பின்பாட்டுக்காரர்கள். "ஆமா" என்றார் பலவேசம், வழக்கத்தை மீறுகிறோமே என்ற பயத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டே. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆமா போட்டால் கேட்டவர்கள் சும்மா இருக்க முடியாது, கொட்டாவி மாதிரி தொற்றும். மேற்கே இருந்து வந்தவர்களும் வில்லுப்பாட்டில் வளர்ந்தவர்கள்தானே. ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடிக்கொண்டே ஆமா என்றார்கள், என்றதும் மூச்சு வந்தது, வந்ததும் நின்றார்கள், நின்றதும் கேட்டார்கள், கேட்டதும் மறுபடி ஆமா என்றார்கள். நெஞ்சைப் பிடித்திருந்த அம்மாள் ஆமா என்று சொல்லிச் சிரித்தாள். பலூன்காரர் ஊதிக்கொண்டிருந்த பலூனை விட்டுவிட்டு ஆமா என்றார், அது மணல்வெளி முழுக்கச் சுற்றியது. எங்கள் கபடி இளவட்டங்கள், என்ன இந்தக் கூட்டம் வாயை வாயைத் திறக்கிறது என்று பஞ்சை எடுத்துப் பார்த்து, எடுத்தபின் வைக்கவில்லை. மேற்கு டீமிலிருந்து பாடி வந்தவன் எங்கள் ஆட்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தான், அவனும் ஆமா என்றான், அவனைச் சுற்றி நின்ற ஏழு பேரும் ஆமா என்றார்கள், ஒருவரும் ஒருவரையும் பிடிக்கவில்லை. மணல்வெளி மொத்தமும் ஒரே நெஞ்சாக ஏறி இறங்கியது.

அம்மன் கரையேறினாள்.

முங்குபாட்டு அங்கேதான் முடியும். ஆவுடையப்பன் முடிவு அடிக்கக் கையைத் தூக்கிவிட்டார். உலகம்மாள் தலையை ஆட்டினாள், வேண்டாம். அவளிடம் மூச்சு இருந்தது. எந்த அண்ணாவிக்கும் இந்தக் கரையில் இவ்வளவு மூச்சு மிச்சம் இருந்ததில்லை. அதனால்தான் பாட்டு கரையோடு நின்றிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கரைக்கு அப்பால் வார்த்தை கிடையாது, அவள் கட்டிக்கொண்டே போனாள்.

ஈரச்சேல பிழியவில்ல, ஏறி வந்தா தெருவழியே
வழிகேக்க நிக்கவில்ல, வலிச்சத்தம் வழிகாட்ட

"ஆமா" என்றோம். குடத்துக்கு அந்தக் கட்டத்தில் தாளம் இல்லை, ஆவுடையப்பன் அம்மன் நடக்கிற வேகத்துக்கு அடித்தார். அவள் தெருவில் வந்தாள், ஆமா. கதவைத் திறந்தாள், ஆமா. பல்லிலிருந்த கத்தியைக் கையில் எடுத்தாள், ஆமா. வெந்நீர் கேட்டாள், விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னாள், முக்கு தாயி முக்கு என்றாள், ஆமா ஆமா என்றார்கள் பொம்பளைகள், பல்லைக் கடித்துக்கொண்டு, சேலை முந்தியை முறுக்கிக்கொண்டு. தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. பிள்ளை அம்மன் கையில் வந்து விழுந்தது, நீலமாக, ஈரமாக, சத்தம் இல்லாமல். உலகம்மாள் அங்கே குரலைப் பிடித்து நிறுத்தினாள். யாரும் ஆமா சொல்லவில்லை. ஒலிபெருக்கிகள் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மன் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் ஒன்று வைத்தாள்.

உலகம்மாள் மூச்சு வாங்கினாள்.

ஊர் மூச்சு இல்லை, அயல் மூச்சு இல்லை. தன் சொந்த மூச்சு, ஒரு பக்கத்து நெஞ்சுக்குள், வாயைத் திறந்து, மைக் அதிர, ஆறு வரைக்கும் கேட்கும்படி, முதல் தடவை காற்றைப் பார்க்கிற பிள்ளை இழுப்பது மாதிரி நடுங்கி இழுத்தாள். பாட்டில் மூச்சு வாங்க வேண்டிய இடம் அதுதான் என்று கேட்டிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. இழுத்ததை அழுகையாக விட்டாள். பொம்பளைகள் குலவை போட்டார்கள், குலவை ஆற்றைத் தாண்டி அந்தக் கரையில் முட்டித் திரும்பி வந்தது. சாமியாடிக்கு அருள் வந்து, ஆடுவதற்குப் பதிலாகக் கையை ஏந்திக்கொண்டு அழுதார். ஆவுடையப்பன் முடிவு அடிக்க மறந்து பத்தையைக் கீழே போட்டுவிட்டார்.

வெயிலுமுத்து அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். உலகம்மாள் வில்லின் குறுக்கே சாய்ந்து அவரைத்தான் பார்த்தாள்.

"தப்பு உண்டா அண்ணாச்சி?"

"இரு தாயி. யோசிக்கேன்" என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இல்ல" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மணல்வெளியில் எங்கள் ஆட்கள் நடுவில் நின்றிருந்த மேற்கத்திக் கபடிக்காரன், கோட்டைத் தாண்டி ஓட வேண்டும் என்பதையே மறந்துபோனவனாக, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினான்.

"எக்கா! என்ன பிள்ள? ஆணா, பொண்ணா?"

உலகம்மாள் சிரித்தாள். மைக்கைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"இருய்யா, செத்த மூச்சு வாங்கிக்கிடுதேன்" என்றாள். "சொல்லுதேன்."